தேட்கொடுக்குக் கசாயம்

சென்ற மாதம் அஸருக்குப் பின் மத்ரஸாவிலிருந்து திரும்புகையில், கொத்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி வயலோரத்தில் குனிந்து ஏதோ பிடுங்கிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் தேட்கொடுக்கு!

“பேரனுக்குக் காய்ச்சல், மௌலவி. அவிச்சுக் குடிக்கக் கொடுக்கப் போறேன்.”

“வேணாம் உம்மா” என்றேன். ஏன் என்று அவர் கேட்டதற்குச் சொன்ன பதில்தான் இக்கட்டுரை.

ஈரமான பாழ்நிலங்களில் தானாக முளைக்கும் செடி இது. தேளின் வாலைப் போல் சுருண்ட தண்டின் ஒரு பக்கத்தில் சின்னஞ்சிறு பூக்கள் வரிசையாக இருக்கும். அரபியில் ‘லிஸானுஸ் ஸவ்ர்’, அதாவது மாட்டு நாக்கு, எனப்படும் மூலிகையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைத் தடவிப் பாருங்கள், நாக்கைப் போலவே சொரசொரக்கும். காய்ந்த செடியைத் தேடி ஆண் வண்ணத்துப்பூச்சிகள் வரும். அதன் நஞ்சை உறிஞ்சி, தம்மைத் தின்ன வரும் பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன.

பூச்சிக்குக் கவசமாகும் அதே நஞ்சு மனிதனின் ஈரலைக் கெடுக்கிறது. ஈரலுக்குள் போனபின்தான் அது கடும் விஷமாக மாறி, அங்குள்ள நுண்ணிய நாளங்களை அடைத்துவிடுகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். குடித்த அன்றே ஒன்றும் தெரியாது, சில வேளை வாரக்கணக்கில் தெரியாது. சிறு பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்.

ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில் குல்ரான் என்றொரு பகுதி. அங்கே கடும் வறட்சிக்குப் பின், இதே இனச் செடியொன்றின் விதைகள் கோதுமையோடு கலந்துவிட்டன. தாய்மார் அந்த மாவில்தான் ரொட்டி சுட்டார்கள். 1974 முதல் 1976 வரை ஊரே நோயில் விழுந்தது. பரிசோதிக்கப்பட்ட சுமார் 7,200 பேரில் ஏறத்தாழ 1,600 பேருக்கு ஈரல் பாதிப்பு! ரொட்டி சுட்ட கைகள் என்ன பாவம் செய்தன?

அவ்வளவு தூரம் ஏன்? இலங்கையில் மருந்தாக உட்கொள்ளப்படும் மூலிகைகளைச் சோதித்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேறு சில செடிகளிலும் இவ்வகை நஞ்சு இருப்பதை 1981இல் வெளியிட்டார்கள். தேட்கொடுக்கிலிருந்து எடுத்த ஒரு சத்தை அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரலைத் தாக்கியதால் அதுவும் கைவிடப்பட்டது.

பூச்சிக்கடிக்குப் பற்றுப் போடுவது வேறு சங்கதி. அதையும் திறந்த புண்ணில் போட வேண்டாம்.

மூதாட்டி கட்டை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டார். பேரனை மறுநாளே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

உங்கள் வீட்டில் யாரும் ஏற்கனவே குடித்திருந்து, வயிறு உப்பினாலோ கண் மஞ்சளித்தாலோ, அந்த இலையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். ஏசுவாரே என்று மறைக்காதீர்கள்.