விரைவும் வாழ்வும்

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதத்தில் யன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒரு பிரயாணியை எண்ணிப் பார்ப்போம். மதவாச்சி கழிந்து, வன்னிக் காடுகளினூடே வண்டி விரைகின்றது. தொலைவிலுள்ள மரங்கள் அசையாது நிற்பன போலத் தோன்றுகின்றன. தண்டவாளத்தின் அருகேயுள்ள புல்லும் பூண்டுமோ ஒரே பச்சைக் கோடாகிப் பின்னே ஓடி மறைகின்றன. அப் புல்லிடையே பூத்திருந்தது தும்பையா, தொட்டாற்சுருங்கியா என்று வினவினால் அவரால் விடை கூற இயலாது.

இதன் காரணம் எளிய கணக்கேயாகும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 20 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. வண்டியிலிருந்து 3 மீற்றர் அப்பால் நிற்கும் ஒரு செடி, பார்வையின் முன்னே 6 மீற்றர் நகரும் வரையில் புலப்படும் என்று கொண்டால், அது கண்ணுக்குத் தெரியும் நேரம் 0.3 செக்கன் மாத்திரமே. ஒரு கிலோமீற்றர் தூரத்தில் நிற்கும் பனையோ, அதே கோணத்தில் 100 செக்கன் வரை காட்சியளிக்கும். அவ்வழியே மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடந்து செல்பவருக்கு அச் செடி நான்கு செக்கனுக்கு மேலாகக் கண்முன் நிற்கும். ஆகவே வேகம் எல்லாவற்றையும் ஒரே அளவாக மறைப்பதில்லை. அருகிலுள்ளவற்றையே அது முதலில் மறைக்கின்றது.

1905 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் தரைவழியே சென்றவர்கள் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பல நாட்கள் பயணஞ் செய்தனர். எந்தக் குளக்கட்டில் நிழலுண்டு, எந்தக் கிணற்றில் நல்ல நீருண்டு என்பவை அவர்களுக்கு அறிந்தேயாக வேண்டிய செய்திகள். புகையிரதம் வந்தபின் பிரயாணிக்குப் புறப்படும் இடமும் சேரும் இடமும் போதியனவாயின. இதனை இழப்பென்று மாத்திரம் கூறுவது நன்றிகெட்ட பேச்சாகும். கொழும்புக் கந்தோரிலே வேலை பார்த்தவர் தைப்பொங்கலுக்கு வீட்டு முற்றத்திற் கால் வைக்க முடிந்தது அந்த வேகத்தினாலன்றோ! 1990 ஆம் ஆண்டு முதல் 2014 ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வராதிருந்த காலத்தைக் கண்டவர்கள் அதன் அருமையை நன்கறிவர்.

எனினும், கண்ணுக்கு நேர்வது கருத்துக்கும் நேருமா என்பது சிந்தித்தற்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலே, சமயகுருமாராவதற்குக் கல்வி பயின்ற மாணவர் நாற்பதின்மரைக் கொண்டு ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்னும் உளநூல் அறிஞர் இருவர் நடத்திய பரிசோதனை இதற்கு விடை தருகின்றது. அதன் முடிவுகள் 1973 ஆம் ஆண்டில் வெளிவந்தன. மாணவர் ஒவ்வொருவரும் மற்றொரு கட்டடத்துக்குச் சென்று ஒரு சிறு பேச்சு நிகழ்த்தவேண்டும். சிலருக்கு அளிக்கப்பட்ட பொருள் விவிலியத்திலுள்ள நல்ல சமாரியனின் கதை. கள்வராற் குற்றுயிராக விடப்பட்ட ஒருவனைச் சமய ஆசாரியன் முதலியோர் கண்டும் காணாது விலகிப்போக, அயலினத்தவனான சமாரியன் நின்று உதவிய கதை அது. ஏனையோர் தம் எதிர்கால உத்தியோகத்தைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது.

புறப்படும் வேளையில் சிலரிடம் "நேரங் கடந்துவிட்டது, விரைந்து செல்க" என்று சொல்லப்பட்டது. சிலரிடம் நேரம் சரியாக இருக்கின்றது என்றும், வேறு சிலரிடம் இன்னும் சில நிமிடங்கள் உள்ளன என்றும் சொல்லப்பட்டது. அவர்கள் செல்லும் ஒடுங்கிய பாதையிலே, ஒரு கதவடியில் தலைகுனிந்து கண்மூடிச் சாய்ந்திருந்த ஒருவர் இருமி முனகினார். அவரை அங்கே இருத்தியவர்கள் ஆராய்ச்சியாளரே என்பது மாணவர்க்குத் தெரியாது. அவகாசம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதோவொரு வகையில் உதவ முற்பட்டனர். நேரம் சரியாக இருந்தவர்களில் 45 வீதத்தினர். அவசரப்படுத்தப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப்பேர் மாத்திரமே. சமாரியனின் கதையைச் சொல்லப் போனவர், உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லப் போனவர் என்ற வேறுபாடு குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் உண்டாக்கவில்லை. இரக்கத்தின் கதையை மனத்திற் கொண்டு சென்ற ஒருசிலர், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே சென்றனராம்!

இம்மாணவர்களைக் கல்நெஞ்சர் என்று முடிவுகட்டிவிடுதல் எளிது. ஆனால் அது நீதியாகாது. அவசரத்திற் சென்ற சிலருக்கு, அங்கே உதவி வேண்டி ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே அவ்வேளையில் எழவில்லையென்று ஆராய்ச்சியாளர் கருதினர். பச்சைக் கோடாகிப் போன புல்லைப் போல அவரும் கழிந்து போனார். வேறு சிலரோ அவரைக் கண்டு மனங் கலங்கினர். ஆனால் மறுபுறத்திலே தமக்காகக் காத்திருப்பவர்க்கும் அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். இன்னொன்றையும் மறத்தலாகாது. அந்த அவசரம் அவர்கள் தாமாகத் தேடிக்கொண்டதன்று. வேறொருவர் ஒரே வசனத்தால் அவர்கள்மீது சுமத்தியது.

வேகத்தினால் நினைவுக்கு நேர்வது மற்றொரு விடயம். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளநூலிலே இதனை ஆராய்ந்தார். பலவகை அனுபவங்கள் நிறைந்த நாள் கழியும்போது குறுகியதாகவும், பின்னர் நினைக்கும்போது நெடியதாகவும் தோன்றும் என்பதும், வெறுமையான நாள் இதற்கு மாறானது என்பதும் அவர் கருத்து. வயது ஏற ஏற ஆண்டுகள் குறுகுவது போலத் தோன்றுவதற்கும், நாட்கள் ஒன்றைப்போல் ஒன்று பழக்கமாகிவிடுவதையே அவர் காரணமாகக் காட்டினார். ஆகவே சுறுசுறுப்பு வாழ்வைத் திருடுகின்றது என்று கூறுவதற்கில்லை. புதியனவற்றில் மூழ்கிய நாள் எத்துணை விரைந்து ஓடினும் நினைவில் தங்கும். ஒரே வீதியில், ஒரே வேலைக்கு, ஒரே பரபரப்போடு ஓடிய இருநூறு காலைகளோ பின்னர் ஒரே காலையாகச் சுருங்கிவிடும்.

நிதானமாக வாழுங்கள் என்று எல்லோருக்கும் உபதேசிப்பதிலும் பொருளில்லை. மலைநாட்டுத் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் எவ்வளவு விரைவாக ஓடவேண்டும் என்பதை நிர்ணயிப்பது மாலையில் அவர் கூடையை நிறுக்கும் தராசு. குறித்த நிறை சேராவிட்டால் நாட்சம்பளம் குறையும். அவரை நோக்கி உபதேசம் செய்பவர் முதலில் அந்தத் தராசை வைத்தவரிடம் பேசவேண்டும்.

வடக்கு வழியின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரே மற்றொரு வண்டி வருமாயின் இவ்வண்டி ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்றே ஆகவேண்டும். அவ்வேளையில் பிரயாணிகள் பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பர். யன்னலோரம் இருப்பவர் சற்றே குனிந்து வெளியே நோக்குவார். பச்சைக் கோடாக ஓடியது இப்பொழுது புல்லாக நிற்கின்றது. அதனிடையே வெள்ளை வெள்ளையாகத் தும்பை பூத்திருக்கின்றது.