தொப்புள்கொடி ரத்தம் சொல்லும் சாட்சி!

பிறந்ததும் குழந்தை 'வீல்'னு அழுதா, பிரசவ வார்டே சிரிக்கும். அழலைன்னா..?

அம்மாவுக்கு பிரீ-எக்ளாம்ப்ஸியா இருந்தால் இந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். அது என்னன்னு கேக்கறீங்களா? கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டும். பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாததால், உள்ளே இருக்கும் குட்டிப் பாப்பாவுக்கு ஆக்ஸிஜன் பஞ்சம்!

பிறந்த குழந்தைக்கு 1953-லயே மார்க் ஷீட் வெளியிட்டவர் அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா ஆப்கார். நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் வரும் அசைவு, தசை இறுக்கம், மூச்சுன்னு 5 பாடம், மொத்தம் 10 மார்க். ஆனா, பஞ்சம் எப்போ ஆரம்பிச்சதுன்னு இந்த மார்க் சொல்லாது. அதுக்குத்தான் தொப்புள்கொடி ரத்தம்.

முதல் சாட்சி, பி.ஹெச். அளவு. 7.0-க்குக் கீழே போனால், பிரசவ நேரத்தில் கடுமையான திணறல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது சாட்சி சுவாரஸ்யமானது. 'சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது'ன்னு ஸ்கூல்ல படிச்சோமே... ஆக்ஸிஜன் குறைஞ்சா எரித்ரோபொயட்டின் ஹார்மோன் ஏறும். உடனே ட்ரெயினிங் முடியாத, உட்கரு உள்ள சிவப்பணுக்களும் களத்தில் இறங்கிடும். அதிகமா தென்பட்டால், பஞ்சம் முன்பே தொடங்கியிருக்கலாம். எண்ணிப் பார்க்க ஒரு ஸ்லைடும் மைக்ராஸ்கோப்பும் போதும். ஆனா குறைப்பிரசவம், அம்மாவின் சர்க்கரை நோயாலும் இவை கூடும். ஒரே சாட்சியை வெச்சு தீர்ப்பு சொல்ல முடியாது பாஸ்!

'எப்போ'ங்கறது ஏன் முக்கியம்? மூளை பாதிச்ச குழந்தையின் உடம்பை 6 மணி நேரத்துக்குள் குளிரவெச்சு, 33.5 டிகிரியில் 72 மணி நேரம் காப்பது வளர்ந்த நாடுகளில் பலன் தந்த சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்து, 2021-ல் வெளியான ஆய்விலோ பலன் இல்லை, இறப்புதான் கூடியது! இங்கே பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்குவது காரணமா இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

லேப் டெக்னாலஜி, நர்ஸிங் படிக்கிற தோழர்களே, நாளைக்கு நீங்க எண்ணப்போற அணுக்களில் ஒரு குழந்தையின் கதை இருக்கு. மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை... கர்ப்பமா இருக்கற அக்காவோ அண்ணியோ 'தலை வலிக்குது, கண்ணு மங்குது'ன்னு சொன்னா, 'சூடு'ன்னு விட்டுடாதீங்க. அன்னிக்கே பி.பி. பார்க்க அழைச்சுட்டுப் போங்க!