சுண்டெலி கொடுத்த க்ளூ!

அழகே வேண்டாம், பேயுருவம் கொடுன்னு சிவனிடம் கேட்டு வாங்கியவர் காரைக்கால் அம்மையார். கோவில்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மாங்கனித் திருவிழாவோடு சேர்ந்தே மனப்பாடம். ஆனால், கேட்காமலேயே சின்ன வயசிலேயே முடி கொட்டி, தோல் சுருங்கி, ரத்தக்குழாய் இறுகிப்போனால்?

அதுதான் புரோஜீரியா. 2009-ல் வந்த 'பா' இந்திப் படத்தில் அமிதாப்புக்கு இருக்குமே, அதே நோய்! மருந்து இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளின் சராசரி ஆயுள் 14 வருஷம் சொச்சம்தான்.

வில்லன் யார்? ப்ளஸ் டூவில் செல் படம் வரைந்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு 'உட்கரு'ன்னு எழுதுவோமே... அந்த வட்டம் நசுங்காமல் நிற்கக் காரணம், உள்சுவரை ஒட்டி வலையாகப் பின்னிக் கிடக்கும் 'லாமின்' புரதங்கள். நம்ம சிவில் பசங்க பாஷையில், கான்கிரீட்டுக்குள் கம்பிக்கட்டு.

சுண்டெலியில் லாமின்-ஏ ஜீன் 12 எக்ஸான்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரே ஜீன்தான். ஆனால், அதன் நகலை வெட்டி ஒட்டும் விதத்தில் லாமின்-ஏ, லாமின்-சி என்று இரண்டு புரதம் கிடைக்கும். லாமின்-பி கருவில் ஆரம்பத்திலிருந்தே ஆஜர். லாமின்-ஏ மட்டும் லேட் கமர், உறுப்புகள் உருவாகிற கட்டத்தில்தான் தலைகாட்டும். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் வீணா பர்னாயக் குழு எலியின் தசை செல்களை வளர்த்து, அவை முதிரும்போது லாமின்-ஏ உட்கருவுக்குள் இடம் மாறி அமைவதை 2001-லேயே காட்டியது.

இந்த ஜீனை முடக்கினால்? 1999-ல் அமெரிக்காவில் காலின் ஸ்டூவர்ட் குழு செய்து பார்த்தது. எலிக்குட்டிகள் நார்மலாகத்தான் பிறந்தன. சில வாரத்தில் வளர்ச்சி நின்று, தசை தளர்ந்து, நடை தள்ளாடி, எட்டு வாரத்துக்குள் எல்லாம் செத்துப்போயின.

2003-ல் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவும், நம்ம காரைக்காலை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸின் ஒரு குழுவும் தனித்தனியே புரோஜீரியாவின் காரணத்தைப் பிடித்தன. மனிதனின் அதே லாமின்-ஏ ஜீனில் ஒரே ஒரு எழுத்து, 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'! அதனால் வெட்டக்கூடாத இடத்தில் கத்தரி விழுந்து, 50 அமினோ அமிலம் குறைந்த 'புரோஜெரின்' உருவாகி, உட்கரு சுவரில் ஒட்டிக்கொண்டு அதைக் கோணலாக்குகிறது.

அந்த ஒட்டலைத் தடுக்கும் லோனாஃபார்னிப் மாத்திரைக்கு 2020 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. நோயைத் தீர்க்காது, ஆயுளைக் கொஞ்சம் கூட்டும். அடுத்த அதிரடியும் எலியில்தான். மனிதனின் தப்பான ஜீனைச் சுமந்த எலிகளுக்கு டேவிட் லியூ குழு ஒரே ஒரு ஊசி போட்டு, அந்த எழுத்தையே திருத்தியது. 2021-ல் வந்த ரிசல்ட்: இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாள்!