காய்தலும் கலத்தலும்: வன்னிச் சுவரொன்றை முன்னிட்டு

2009ஆம் ஆண்டின் பின்னர் வன்னியில் எழுந்த கல்வீடுகளிடையே, சாய்ந்தவரின் முதுகில் வெண்தூள் படியும் சுவர்களைக் காணலாம். தீந்தை சரியாகக் காயவில்லை என்பதே வழக்கமான விளக்கம். காய்ந்திருக்கிறது, கலக்கவில்லை என்பதே பொருத்தமானது.

'இமல்சன்' என விற்கப்படும் தீந்தையில் நுண்ணிய பல்பகுதியத் துணிக்கைகள் நீரில் மிதக்கின்றன. றப்பர்ப் பாலும் இவ்வகையினதே. துணிக்கையொன்றின் விட்டம் பெரும்பாலும் மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒருசில பங்கே. நீர் ஆவியாக அவை நெருங்கி நசுங்கி, தேன்கூட்டறைகள்போல் அடுக்குறும். தொட்டால் விரலில் ஒட்டாது. ஆயினும் அறைகளின் எல்லைகள் எஞ்சியிருப்பதால் அப்படலம் எளிதிற் பிளக்கும்.

வலு பின்னரே வருகிறது. ஓர் அறையின் சங்கிலி மூலக்கூறுகள் எல்லையைக் கடந்து அயலறையின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ள வேண்டும். அயற்சங்கிலிகள் நெருக்குவதால் அவை பக்கவாட்டில் நகர முடியாது. பாம்பைப்போலத் தம் நீளவாட்டிலேயே நெளிந்து செல்லும். 1971இல் இக்கருத்தை முன்வைத்தவர் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் டி ஜென் (1991இல் நோபல் பரிசு பெற்றவர்). அவரது கணிப்பின்படி சங்கிலியின் நீளம் இருமடங்கானால் அது தன் பழைய வழியை விட்டகலும் காலம் எட்டு மடங்காகும். இத்தகைய பரவலே படலத்தை இணைக்கிறதெனச் சோவியத் அறிஞர் வோயுத்ஸ்கி 1950களிலேயே வாதிட்டார். துணிக்கைகள் நசுங்கினாற் போதும் என்றோர் அதனை எளிதில் ஏற்கவில்லை. ஒரு பகுதித் துணிக்கைகளிற் பார ஐதரசனை இட்டு, நியூத்திரன் சிதறல் மூலம் ஜேர்மனியில் ஹானும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட அளவீடுகள் கலத்தலை நேரடியாகக் காட்டின.

இவ்வசைவுக்கு வெப்பம் வேண்டும். குளிர்நாடுகளில் அதுவே பெருங்கவலை. வன்னியில் வெப்பத்துக்குக் குறைவில்லை. இங்குள்ள இடர் வேறு. சோளகக் காற்றும் வெயிலில் காய்ந்த சீமெந்துச் சாந்தும் நீரை விரைந்து உறிஞ்சிவிடுவதால், துணிக்கைகள் நெருங்கி அடுக்குறுமுன்பே இடைவெளிகளோடு நின்றுவிடும். தொடாத துணிக்கைகளிடையே மூலக்கூறு எவ்வாறு கடக்கும்? சுவரைச் சற்று ஈரமாக்கி, நிழல் விழுந்தபின் பூசும் மேசனின் வழக்கம் இவ்விடத்தில் மிகச் சரியானது.

மலிவுத் தீந்தைக்கு அவ்வழக்கமும் உதவாது. அதிற் சுண்ணத்தூள் மிகுதி, பல்பகுதியம் சொற்பம். தூளே துணிக்கைகளைப் பிரித்து வைக்கிறது. குறைந்த விலைக்கு வாங்கியவரே சில ஆண்டுகளில் மீண்டும் வாங்க நேர்கிறது. பல்பகுதியத்தின் விகிதம் வாளியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதோ அரிது.