உப்பாற்றங்கரைத் தோட்டம்

அறுகம்பேயில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் களப்பு புதுமையன்று. எனினும், சென்ற விடுமுறையில் மாணவர் சிலரை மேல்கரையிலுள்ள பெந்தோட்டைக்கு அழைத்துச் சென்று, தெத்துவக் களப்பினுள் நீண்டு கிடக்கும் லுணுகங்கைத் தோட்டத்தைக் காட்டியபோது அவர்கள் மௌனமாகிவிட்டனர். சற்றுப் பொறுத்து ஒருவன் கேட்டான்: "சேர், தோட்டம் என்றீர்களே, பூக்கள் எங்கே?"

நல்ல கேள்விதான். கண்ணைப் பறிக்கும் பூம்பாத்திகள் அங்கே இல்லை. பச்சையின் பல சாயல்களும், நிழலும், நீரில் மின்னும் வெயிலுமே அத்தோட்டத்தின் அலங்காரம்.

லுணுகங்கை என்ற சிங்களப் பெயருக்கு நம் வழக்கில் உப்பாறு என்று பொருள். ஒல்லாந்தர் காலத்திற் கறுவாவும் ஆங்கிலேயர் காலத்தில் இறப்பரும் விளைந்த இந்நிலத்தை 1948இல் வாங்கியவர் ஜெப்ரி பாவா. அப்போது அவர் வழக்கறிஞர். இத்தாலியிற் கண்ட தோட்டங்களைப் போன்று ஒன்று அமைக்க ஆசை இருந்தது. அதற்கேற்ற பயிற்சி இருக்கவில்லை. ஆகவே இலண்டன் சென்று மீண்டும் மாணவராகி, 1957இல், நாற்பதை நெருங்கும் வயதில், கட்டடக் கலைஞராகத் தேறினார். 1982இல் திறக்கப்பெற்ற கோட்டைப் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. பரீட்சையிற் பிந்தியவுடன் மனம் உடையும் நம் மாணவர் இதனைச் சிந்திக்கலாம்.

பழைய தோட்டவீட்டை அவர் இடித்தெறியவில்லை. வாயிலை வேறு திசைக்கு மாற்றி, விறாந்தைகளைத் தோட்டத்தை நோக்கித் திறந்துவிட்டார். எதிரே கறுவாக் குன்று பார்வையை மறித்தது. அதன் முதுகைத் தாழ்த்தி மரங்களைக் களைந்ததும் அப்பாலுள்ள களப்பும், தொலைவில் கட்டக்குளியா விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் தென்பட்டன. தமக்குச் சொந்தமில்லாத கோபுரத்தையும் தம் தோட்டக் காட்சியிற் சேர்த்துக்கொண்ட சாமர்த்தியத்தை என்னென்பது! குன்றின்மேல் மகிழமரத்தடியில் ஒரு பெரிய சீனத்துச் சாடி. கண் அங்கே ஒரு கணம் இளைப்பாறிய பின்னரே தொலைவுக்குச் செல்கிறது. இடையே ஓடும் பொதுப்பாதை பள்ளத்துள் மறைந்திருப்பதால் வீட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஈழத்தலரிக் கிளைகளிற் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவற்றைத் தாம் விரும்பியவாறு வளைத்தாராம்.

அத்தனை மண்ணையும் வெட்டிச் சுமந்த தொழிலாளரைப் பாவாவின் புகழ்பாடுவோர் அதிகம் நினைப்பதில்லை என்பது என் மனக்குறை.

2003இல் மறைந்த பாவாவின் உடல் அக்குன்றிலேயே தகனம் செய்யப்பட்டது. இப்போது ஓர் அறக்கட்டளை தோட்டத்தைப் பராமரிக்கிறது. மழை மிகுந்த அப்பகுதியில் சில மாதம் கைவிட்டாலே காடு மூடிவிடும். நாங்கள் புறப்படும்போது தோட்டக்காரர் ஒருவர் குன்றின் சரிவில் இளஞ்செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். பூக்களைத் தேடிய மாணவன் அவரருகே நெடுநேரம் நின்றான்.