ஆழத்தில் இருப்பவரும் கயிறு பிடிப்பவரும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு இறுதியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். குளிப்பவர் கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்குவார்; மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் ஆபத்து. அவரை நம்பியே மற்றவர் மூச்சடக்கி மூழ்கினார்.

பச்சிளங்குழந்தையின் அழுகையும் இத்தகைய கயிற்றசைவே. அழுதபோதெல்லாம் ஒருவர் வந்து அணைத்தால், தனக்குத் துணை உண்டென்று அது கற்கிறது. ஒருநாள் அணைப்பும் மறுநாள் அடியும் கிடைத்தாலோ, அச்சத்தை மறைக்கவும் முந்திக்கொண்டு சீறவும் பழகுகிறது. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969 முதல் 1980 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பேசத் தெரியாப் பருவத்தில் கற்ற அப்பாடத்தைப் பிற்காலத்தில் 'என் குணம்' என்கிறோம்.

நம் கடற்கரை இல்லங்களில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சிறுவயதிலேயே வள்ளத்தில் ஏறியவர், காற்றையும் அலையையும் மீறிக் குரலெழுப்பக் கற்றார். தவறினால் வசவு, அழுதால் கேலி. கடலில் அக்குரல் அவரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், சோறு தாமதமானதற்கும் அதே குரல் எழும்போது, கதவின் பின்னால் ஒளியும் மகன் தானும் ஒரு பாடம் கற்கிறான். தந்தை தம் சிறுவயதில் ஒளிந்ததும் அத்தகைய கதவின் பின்னால்தான்!

இதனை மாற்ற இயலுமா? ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமையும் குடும்பப் பூசலும் சூழ வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்னிலையில் வளர்ந்தனர். பாட்டியோ ஆசிரியரோ, நிலையான அன்பு காட்டிய ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தார். அதனினும் ஆறுதலான செய்தி பிறிதொன்று: இளமையில் தடுமாறியோருள் பலர், நல்ல மணவாழ்வாலும் கல்வியாலும் சமயச் சமூகத்தின் ஆதரவாலும் நாற்பது வயதிற்குள் சீரடைந்தனர்.

ஆகவே அத்தந்தை செய்யத்தக்கது உண்டு. 'இனிச் சினம் கொள்ளேன்' என்று தவக்காலத்தில் செய்யும் சபதம் பெரும்பாலும் பாஸ்கா வரை நிற்பதில்லை. மாறாக, தம் உடலைக் கவனிக்கட்டும். தாடை இறுகுவது முதல் அறிகுறி. உடனே வாசலில் சென்று அமர்ந்து, 'இது இன்றைய கோபமா, அன்றைய அச்சமா?' எனத் தம்மையே வினவட்டும். (குடியும் அடியும் புகுந்துவிட்ட வீட்டில் இது போதாது, மருத்துவரின் துணை வேண்டும்.) தவறிக் கத்திவிட்டாலோ, மகனை அழைத்து, "நான் கத்தினது தப்பு, ராசா" என்று சொல்லட்டும். இதனால் தந்தையின் மதிப்புக் குன்றும் என்போர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

முதன்முறை பையன் நம்பமாட்டான். கதவின் பின்னாலிருந்தே பார்ப்பான். பத்தாம் முறை தலையை நீட்டுவான்.