வெனிலா ஊரும் மொட்டை மலையும்

ஜெர்மனியில வாசனைக்குப் பேர்போன ஊர் எதுன்னு கேட்டா எல்லாரும் கொலோனைத்தான் கை காட்டுவாங்க. தப்பில்லை. ஃபரினா குடும்பத்தோட கம்பெனி 1709லயே அங்க ஆரம்பிச்சிடுச்சு. காய்ச்சல்ல படுத்தா நெத்தியில நனைச்சுப் போடுவாங்களே ஓடிகொலோன், அது வேற ஒண்ணுமில்லை, 'கொலோன் தண்ணி'தான். ஆனா நான் இன்னிக்குச் சொல்ல வர்றது ஹோல்ட்ஸ்மிண்டன். பேரைச் சொன்னா பாதி ஜெர்மன்காரங்களே "அது எங்க இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்கிற ஊர்.

நான் படிக்கிற கோட்டிங்கனுக்கு வடமேற்கே, வேசர் ஆத்தங்கரையில இருக்கு. ஏறக்குறைய 20,000 பேர். ஊருக்குப் பின்னால சோலிங்னு ஒரு மலைக்காடு. மலைன்னதும் கொடைக்கானலைக் கற்பனை பண்ணிடாதீங்க மக்களே. உச்சியே 528 மீட்டர்தான் :-) ஆனா காடு நிஜமான காடு. பீச் மரமும் ஓக் மரமும் ஊசியிலை மரமுமா மைல் கணக்குல போகும்.

எனக்கு இந்த ஊரைக் காட்டினது எங்க லேப்ல இருக்கிற ஒரு வாசனைப் பைத்தியம். அறை முழுக்க சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். முழு பாட்டில் வாங்க யாருகிட்ட காசு இருக்கு? நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கி, மருந்து மாதிரி மில்லி கணக்குல ஊத்திப் பிரிச்சுக்குவாங்க. அவன் பொறந்து வளர்ந்தது ஹோல்ட்ஸ்மிண்டன்ல. "எங்க ஊர்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்த வாசம்" என்பான். சும்மா அளக்கிறான்னு நினைச்சேன். ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள்ள நடந்தா, ஒரு திருப்பத்துல பாயசத்துக்கு எசன்ஸ் ஊத்தின மாதிரி வாசம். அடுத்த தெருவுல ஒண்ணுமே இல்லை. சாயங்காலம் வேற ஏதோ, புதினா மாதிரி.

கதை 1874ல ஆரம்பிக்குது. இந்த ஊர்க்காரர் வில்ஹெல்ம் ஹார்மன், கூட்டாளி ஃபெர்டினாண்ட் டீமன். ரெண்டு பேருக்கும் வயசு முப்பதுகூட ஆகலை. ஊசியிலை மரத்தோட பட்டையை உரிச்சா அடியில ஒரு சாறு ஊறும். அதுல கோனிஃபெரின்னு ஒரு பொருள் இருக்கு. அதிலிருந்து வெனிலா வாசனைக்கான வெனிலினை எடுத்துக் காட்டினாங்க. மெக்சிகோவுல பொறந்து, ரீயூனியன் தீவுல கையால மகரந்தம் தடவி வளர்த்த கொடியோட வாசனையை, ஒரு குளிர்நாட்டு மரத்திலிருந்து! ஹார்மன் ஊருக்குத் திரும்பி வந்து தொழிற்சாலை போட்டார். அப்புறம் கார்ல் ரைமர் சேர, அது ஹார்மன் அண்ட் ரைமர் ஆச்சு. 1919ல அதே ஊர்ல டிராகோகோன்னு போட்டிக் கம்பெனி வந்தது. 2003ல ரெண்டும் இணைஞ்சு சிம்ரைஸ் ஆகி, 2021ல ஜெர்மனியோட டாக்ஸ் பட்டியல்லயும் ஏறிடுச்சு. தலைமையகம் இன்னும் இந்தச் சின்ன ஊர்லதான். மாலிக்யூல் 01 போட்டுத் திரியறவங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அதைச் செஞ்ச கேஸா ஷோன் தொழில் கத்துக்கிட்டதும் இங்கதான்.

(சொந்தக் கதை கொஞ்சம். 2000க்கு அப்புறம் வெனிலா விலை எகிறினப்போ பொள்ளாச்சியில எங்க பெரியப்பாவும் தென்னந்தோப்புல வெனிலாக் கொடி விட்டார். காய் கைக்கு வர்றதுக்குள்ள விலை தரையில. இந்த ஹார்மன் கதையை போன்ல சொன்னேன். "அப்ப அந்த ஆளுதானா?"ன்னார் :-) பாவம், அந்த விலை ஏறி இறங்கினதுக்கு மடகாஸ்கர் புயல்ல ஆரம்பிச்சு நிறைய காரணம் இருக்கு.)

ஊருக்குள்ள அங்கங்க வாசனைத் தூண்கள் நட்டு வச்சிருக்காங்க. மூக்கை வச்சு மோந்து பார்த்துக்கிட்டே ஊரைச் சுத்தலாம். நல்லாத்தான் இருக்கு. ஆனா நண்பன் என்னை அங்க அரை மணி நேரம்கூட நிக்க விடலை. "இதெல்லாம் டூரிஸ்டுக்கு, வா"ன்னு காட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டான்.

மே மாச ஆரம்பம். பீச் மரங்கள்ல அப்பதான் தளிர் விட்டிருக்கு. வெயில் அந்த இலை வழியா வந்து தரையே இளம்பச்சையா தெரியுது. கீழே வால்ட்மைஸ்டர்னு ஒரு சின்னச் செடி, நட்சத்திரம் மாதிரி இலை அடுக்கு. பறிச்சு மோந்தா பெரிசா ஒண்ணுமில்லை. "பாக்கெட்ல போட்டு வை"ன்னான். ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தா, வைக்கோல் போரும் பாதாமும் சேர்ந்த வாசம். வாடினாத்தான் கூமரின் வெளியே வருமாம்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா பூண்டு நாத்தம். பேர்லாவ்ஹ்னு காட்டுப்பூண்டு, தரை முழுக்க. இலையைப் பறிச்சு இங்க சட்னி மாதிரி அரைப்பாங்க. நான் ஆர்வமா கைநிறைய பறிக்கப் போக, நண்பன் கையைத் தட்டி விட்டான். பக்கத்துலயே அதே மாதிரி இலை, அதே நீளம், அதே பச்சை. அது மைக்ளோக்ஷன், பள்ளத்தாக்கு லில்லி. வேர்ல இருந்து பூ வரை விஷம், இதயத்தைத் தாக்கும். ரெண்டையும் மாத்திப் பறிச்சு ஆஸ்பத்திரி போறவங்க வருஷா வருஷம் உண்டாம். "மோந்து பார்த்தா தெரிஞ்சிடுமே"ன்னேன். "முதல் இலைக்குத் தெரியும். நாலு இலை பறிச்சதும் உன் விரலே பூண்டு. அப்புறம் விஷ இலையும் பூண்டாத்தான் மணக்கும்" என்றான். தண்டைப் பாரு, பேர்லாவ்ஹ்னா ஒவ்வொரு இலைக்கும் தனித் தண்டு தரையிலிருந்து வரும், லில்லியில ரெண்டு இலை ஒரே தண்டுல இருக்கும்னு குத்த வச்சு உட்கார்ந்து காட்டினான். வீட்ல நூத்துக்கணக்கான குப்பி வச்சு மூக்கைத் தீட்டுறவன் மூக்கை நம்பாதேன்னு சொல்றான்!

அந்த லில்லிப் பூவை மோந்து பார்த்தீங்கன்னா விட மனசு வராது. ஆனா அதிலிருந்து தைலம் எடுக்க முடியாது. கடையில விக்கிற லில்லி வாசம் எல்லாம் ஆய்வகத்துல கட்டினது. அதுக்கு அதிகமா உபயோகிச்ச லிலியால் என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குக் கேடுன்னு 2022 மார்ச்ல ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்கள்ல தடை பண்ணிடுச்சு. தனக்குப் பிடிச்ச பாட்டில் ஒண்ணு புது ஃபார்முலாவுல வந்து வாசமே மாறிப்போச்சுன்னு அன்னிக்குப் பூராவும் புலம்பினான்.

மேலே ஏற ஏற காடு தீர்ந்துபோச்சு. தீர்ந்துபோச்சுன்னா நிஜமாவே. சாம்பல் நிறத்துல நிக்கிற மொட்டைத் தண்டுகள், வெட்டின அடிக்கட்டைகள், நடுவுல முள்செடி. எல்லாம் ஸ்ப்ரூஸ். வெனிலின் கதையில வர்ற அதே ஊசியிலைச் சாதி. 2018 ஜனவரி 18ஆம் தேதி ஃப்ரீடரிகே புயல் சாய்ச்சது கொஞ்சமில்லை. அதே வருஷம் வறட்சி, 2019ல வறட்சி, 2020லயும் வறட்சி. தண்ணி இல்லாத ஸ்ப்ரூஸால பிசின் சுரந்து பூச்சியைத் தடுக்க முடியாது. பட்டைக்குள்ள வண்டு புகுந்தது. ஹார்மன் சாறு எடுத்தாரே, பட்டைக்கு அடியில அதே அடுக்கைத்தான் அது தின்னு தீர்க்குது.

ஸ்ப்ரூஸ் இந்த மலைக்குச் சொந்த மரமும் இல்லை. கரி சுடவும் கண்ணாடி உருக்கவும் பழைய பீச் காட்டை அழிச்சாங்க. அப்புறம் சீக்கிரம் வளரும்னு 18ஆம் நூற்றாண்டிலிருந்து வரிசையா நட்டது. நம்ம நீலகிரியில யூகலிப்டஸ் வச்ச கதைதான். அமில மழை காட்டு மண்ணை எப்படிக் கெடுக்குதுன்னு எங்க கோட்டிங்கன் பேராசிரியர் பெர்ன்ஹார்ட் உல்ரிஷ் கண்டுபிடிச்சு 1970களோட கடைசியில எச்சரிச்சதும் இதே சோலிங்ல அளந்துதான். அப்போ ஆலைப் புகையில கந்தகத்தைக் குறைச்சுக் காட்டைக் காப்பாத்தினாங்க. வெயிலை எப்படிக் குறைக்கிறது?

இப்போ வனத்துறை கலப்புக் காடா மாத்துது. தானா முளைச்ச பிர்ச் கன்னு நிறைய இருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் இந்த இடம் பிசினும் எலுமிச்சையுமா மணக்கும்னு நண்பன் சொன்னான். இப்ப வெறும் காய்ஞ்ச புல் வாசம். ஒரு அடிக்கட்டையில ஒட்டியிருந்த பிசின் உருண்டையைச் சுரண்டி, காலிக் குப்பி ஒண்ணுல போட்டு, தேதி எழுதி ஒட்டினான். அவன் அலமாரியில அது எந்த வரிசையில இருக்குன்னு இன்னும் பார்க்கலை.

போக நினைக்கிறவங்களுக்கு: மே முதல் பாதிதான் சரியான நேரம். கோட்டிங்கன்ல இருந்து கிரையன்சன்ல வண்டி மாறணும், செமஸ்டர் டிக்கெட் போதும். சோத்து மூட்டை கட்டிக்கிட்டுப் போங்க, மேலே கடை கிடையாது. அப்புறம், எந்த இலையையும் பறிக்காதீங்க சாமி!